வரிசையை விட்டுப் போனவர்

சூரமங்கலம்
28-9-1959

அன்புள்ள யாகூபுக்கு நத்தர்ஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

மதரஸாவில் ஒரே பாயில் படுத்து ஒரே சஹன் தட்டில் சோறு தின்றவர்கள் நாம். இப்போது பெருநாளுக்குப் பெருநாள் ஒரு கார்டு போடுவதோடு சரி. நீ நாமக்கல்லில் இமாம், நான் சேலம் ஜங்ஷனுக்கு எதிர்ச்சந்தில் இமாம். நடுவே இருப்பது ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் போன ரமலானில் உன் மனைவி ஹலீமா மவுத்தானபோது வந்து தலைகாட்டிப் போனதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. அதற்கு நானே வெட்கப்பட வேண்டும்.

இப்போது எழுதுவது ஒரு கல்யாண விஷயம். என் மஹல்லாவில் பார்சல் ஆபீஸ் சுல்தானின் மகன் நூர்தீனுக்கு உன் தெரு லாரி டிரைவர் பக்கீர்சாவின் மகள் ஜெய்னம்பைப் பேசிப் பரிசமும் போட்டாகிவிட்டது. நவம்பர் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இங்கே நிக்காஹ். பெண் வேறு ஜமாஅத் என்பதால், 'இந்தப் பெண் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவள், நிக்காஹுக்குத் தடையில்லை' என்று உங்கள் பள்ளிவாசல் முத்திரையோடு ஒரு கடிதம் வர வேண்டும். அது வந்தால்தான் எங்கள் ஜமாஅத் தலைவர் கல்யாணம் பதியும் தஃப்தரைத் திறப்பார். இது உனக்குத் தெரியாததல்ல.

அதை வாங்கிவர வந்த சுல்தானிடம், 'அந்த வீடு ஜமாஅத்தில் இல்லை' என்று உங்கள் ஆட்கள் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே என்னிடம் வந்து உட்கார்ந்துவிட்டார். பக்கீர்சா அப்படி என்ன செய்துவிட்டார்? குடியா, வட்டியா? சேலத்துக்கு லோடு வந்தால் அவர் என் பள்ளிவாசலில்தான் தொழுவார். ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

விவரம் எழுது. எனக்கு முழங்கால் வலி, இல்லாவிட்டால் நேரில் வந்திருப்பேன்.

நத்தர்ஷா


நாமக்கல்
2-10-1959

நத்தர்ஷாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே தீர்ப்புச் சொல்.

கொஞ்ச காலமாக இரவு இஷாத் தொழுகையில் நான் நீளமாக ஓதிவருகிறேன். அன்றைக்கு குர்ஆனிலேயே நீளமான பகரா சூராவைத் தொடங்கியிருந்தேன். முதல் ரக்அத் இன்னும் முடியவில்லை. முன் வரிசையில் நின்றிருந்த பக்கீர்சா சலாம் கொடுத்துத் தொழுகையை முறித்துக்கொண்டு ஒதுங்கினார். தூணோரம் தனியாக நின்று, கோழி கொத்துகிற மாதிரி வேகவேகமாகத் தொழுதுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வெளியே லாரியைக் கிளப்பிய சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. என் நாவில் அல்லாஹ்வின் வார்த்தை, மூக்கில் டீசல் புகை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் நான் யார் பெயரையும் சொல்லவில்லை. இறைவனின் வேதத்தைக் கேட்க நேரமில்லாமல் லோடுதான் பெரிதென்று ஓடுகிறவன் முனாஃபிக் என்றேன். வெளியே தொழுகையாளியாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவனுக்கு வேறென்ன பெயர்? யாரைச் சொன்னேன் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஜமாஅத்தில் வந்து தப்பை ஒப்புக்கொண்டு தவ்பா செய்யச் சொன்னோம். வந்தார். நின்றுகொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "நான் தொழுகைய உடலீங்க. உங்க தொழுகையத்தான் உட்டேன்."

இதற்குப் பிறகும் மன்னிக்க வேண்டுமா? சலாம் இல்லை, கொள்வினை கொடுப்பினை இல்லை என்று ஜமாஅத் முடிவு செய்தது. நான் ஆமோதித்தேன். முத்திரை என் பெட்டியில்தான் இருக்கிறது. அதை அவருக்காக எடுக்க மாட்டேன்.

சின்னச் சின்ன சூராக்களை ஓதி ஜனங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிற உனக்கு இது கடுமையாகத் தெரியலாம். தளர்த்திக்கொண்டே போனால் கடைசியில் கையில் எதுதான் மிஞ்சும்? சைக்கிள் கடை ஜப்பாரும் அவன் கூட்டாளிகளும் இதுவரை பள்ளிவாசல் படியை மிதித்ததில்லை. அந்த பயானுக்குப் பிறகு ஐந்து வேளையும் வருகிறார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

யாகூப்


சூரமங்கலம்
6-10-1959

யாகூபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஆமப்பா, சின்ன சூராதான் ஓதுகிறேன். என் பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் ரயிலுக்கு வந்தவர்கள். நான் ருகூவில் குனிந்திருக்கும்போதே பின்னால் கூஜாவை நகர்த்தும் சத்தம் கேட்கும். ஆரம்பத்தில் எனக்கும் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. வயதாகிவிட்டது போலிருக்கிறது.

தீர்ப்புச் சொல் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொல்லவேண்டியவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். மதரஸாவில் அந்த ஹதீஸ் பாடம் நடந்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பென்சில் சீவிக் கொடுத்தவன் நீ. நபித்தோழர் முஆது (ரலி) இஷாவில் ஓதியது எது? இதே பகரா. வரிசையை விட்டுப் போனவர் யார்? நாளெல்லாம் ஒட்டகங்களைக் கட்டித் தண்ணீர் இறைத்துவிட்டுக் களைத்து வந்த ஒருவர். முஆது அவரை என்னவென்று சொன்னார்? நீ சொன்ன அதே சொல்.

வழக்கு நபியவர்களிடம் (ஸல்) போனது. அவர்கள் கோபப்பட்டார்கள். யார் மீது, யாகூப்? தொழுகையை முறித்தவர் மீதா, நீட்டியவர் மீதா? 'முஆதே, நீர் குழப்பம் உண்டாக்குபவரா?' என்று மூன்று தடவை கேட்டார்கள். உம் பின்னால் முதியவர் நிற்கிறார், பலவீனமானவர் நிற்கிறார், வேலையுள்ளவர் நிற்கிறார் என்றார்கள். பிரிந்து போனவரைத் தவ்பா செய்யச் சொன்னதாக ஒரு வார்த்தை நான் படித்ததில்லை. நீ படித்திருந்தால் எழுது.

பக்கீர்சா அன்றைக்கு ஏன் போனார் என்று ஒரு தடவையாவது கேட்டாயா? நான் கேட்டேன். முந்தின நாள் முழுக்கத் தூக்கமில்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறார். அன்று ராசிபுரத்தில் கிழங்கு ஏற்றிவந்து, வண்டியை நிறுத்தித் தொழ வந்திருக்கிறார். "நிக்க நிக்க முட்டி ரெண்டும் நடுங்கிப்போச்சுங்க. உழுந்துட்டா எல்லாருக்கும் இடைஞ்சலுன்னு ஒதுங்கினேனுங்க" என்றார். இதில் எங்கே இருக்கிறது நயவஞ்சகம்?

கடிதத்தை அனுப்பிவை. பெண்பிள்ளை விஷயம்.

நத்தர்ஷா


நாமக்கல்
11-10-1959

நத்தர்ஷாவுக்கு.

முஆது (ரலி) சம்பவம் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? தெரியும். நன்றாகவே தெரியும்.

முடிவு ஜமாஅத் எடுத்தது. இன்றைக்கு நான் ஒருவனாகப் பின்வாங்கினால், சேலத்துச் சிநேகிதன் சிபாரிசு செய்தான் என்று பேசுவார்கள். இமாமின் வார்த்தை ஒரு தரம் கீழே விழுந்தால் பிறகு எழாது. இந்த விஷயமாக இனி எனக்கு எழுதாதே.

யாகூப்


சூரமங்கலம்
26-10-1959

யாகூப்,

எழுதாதே என்றாய். இரண்டு வாரம் எழுதாமல்தான் இருந்தேன். இப்போது எழுதாவிட்டால் நான் மனுஷனே இல்லை.

நேற்று சாயங்காலம் அஸருக்கு பக்கீர்சா வந்தார். வலது கையில் பெரிய கட்டு. தண்ணீரில் ஒளூச் செய்ய முடியாமல் மண்ணைத் தடவித் தயம்மும் செய்துகொண்டு நின்றார். என்னவென்று கேட்டேன். "கல்லு தெறிச்சுதுங்க" என்று சொல்லிவிட்டு வரிசைக்குப் போய்விட்டார். தொழுகை முடிந்ததும் அவரோடு லோடு ஏற்றுகிற மணியனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். பரமத்தி ரோட்டில் வண்டி மெதுவாகத் திரும்பும்போது நாலைந்து பேர் நின்று கல்லை எறிந்திருக்கிறார்கள். முன் கண்ணாடி நொறுங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டிருக்கிறார்கள். எறிந்தவர்கள் ஒரு சொல்லைச் சொல்லிக் கத்தினார்களாம். மணியன் அதைத் தப்புத்தப்பாகச் சொல்லிக் காட்டிவிட்டு என்னைக் கேட்டான்: "அதுக்கு என்னங்க சாமி அர்த்தம்? அம்புட்டுக் கெட்ட வார்த்தையுங்களா?"

உன் சொல்தான் அது. தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போய்விட்டேன்.

லாரி முதலாளி நாச்சிமுத்துக் கவுண்டர் போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறார். கண்ணாடி அவருடையது, கோபம் நியாயம்தான். பக்கீர்சா என்ன சொன்னார் என்று மணியன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேண்டாமுங்க மொதலாளி. எங்க பள்ளிவாசல் பேரு ஸ்டேசன்ல ஏறப்படாதுங்க. கண்ணாடிக் காசை என் சம்பளத்துல புடிச்சுக்கங்க." உன் ஜமாஅத்தில் இல்லாத மனிதர் சொன்னது இது.

போர்க்களத்தில் எதிரி ஒருவன் இஸ்லாத்தை ஏற்றுக் கலிமா சொன்ன பிறகும் நபித்தோழர் உசாமா (ரலி) அவனை வெட்டிவிட்டார். 'உயிருக்குப் பயந்து வாயளவில் சொன்னான்' என்றார். 'அவருடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா?' என்று கேட்டார்கள் நபியவர்கள் (ஸல்). யாகூப், அந்தக் கேள்வியை நானும் உன்னிடம் கேட்கிறேன். நீ பிளந்து பார்த்தாயா?

சுல்தான் வீட்டில் பேச்சு மாறிவருகிறது. கடிதம் வராவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று சுல்தானின் அக்காள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஜமாஅத் தள்ளிவைத்த வீடு, பரிசம் போட்டு முறிந்த பெண் என்று பெயராகிவிட்டால் ஜெய்னம்பை யார் கட்டுவார்? அந்தப் பிள்ளை யாருடைய தொழுகையையும் முறிக்கவில்லையே.

எனக்கு அலுத்துவிட்டது. ஊருக்கு ஊர் இதே பஞ்சாயத்து. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நீ கல் எறிகிறவன் இல்லை.

நத்தர்ஷா


நாமக்கல்
1-11-1959

நத்தர்,

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஜப்பாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை அவன். "நீங்கதானுங்க அசரத்து சொன்னீங்க" என்றான். முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் பாராட்டுவேன் என்று நினைத்திருக்கிறான். கல்லை எறியச் சொன்னேனா என்று கத்தினேன். "பின்ன எதுக்குங்க சொன்னீங்க?" என்றான்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். சிரிக்காதே. நான் இஷாவை நீட்ட ஆரம்பித்தது பக்தியால் அல்ல. ஹலீமா இருந்தவரை நானும் உன்னைப் போலச் சின்ன சூராதான் ஓதினேன். சோறு ஆறிவிடும் என்று அவள் வாசலில் நிற்பாள். அவள் போன பிறகு சலாம் கொடுத்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். நான் மட்டும் பூட்டைத் திறந்து உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தைத் தள்ளிப்போடத்தான் ஓதினேன். ஜனங்கள் என் பின்னால் நிற்கிறவரை நான் தனியாள் இல்லை. அவர்கள் கால் வலிக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்று பக்கீர்சா விலகியபோது என்னைத்தான் விட்டுப் போகிறார் என்று தோன்றியது. அந்த ஆத்திரத்துக்குத் தீன், மார்க்கம் என்று பெயர் வைத்தேன். நீ முஆதைப் பற்றி எழுதியபோதே இது எனக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் எழுதாதே என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை பயானில் எழுந்து சொல்லப்போகிறேன். அதுவரை சுல்தானைப் பிடித்து வை. எனக்காக துஆச் செய்.

யாகூப்


நாமக்கல்
9-11-1959

நத்தர், அஸ்ஸலாமு அலைக்கும்.

சொல்லிவிட்டேன். பக்கீர்சாவின் நெஞ்சில் இருப்பது எனக்குத் தெரியாது, அவரை நயவஞ்சகர் என்றது பொய், அவர் மீது விழுந்த கல் என் வாயிலிருந்து புறப்பட்டது, அவரை ஒதுக்கச் சம்மதித்ததை நான் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

ஜப்பார் எழுந்தான். "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்று கேட்டான். அன்றைக்குச் சொன்னது என்றேன். "அப்ப நீங்கதானுங்க முனாஃபிக்கு" என்றான். அவனும் கூட்டாளிகளும் வெளியே போய் வாசலில் தனி ஜமாஅத்தாக நின்று தொழுதார்கள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை பள்ளிவாசல் பக்கம் வராதவன் இன்று என் பின்னால் தொழுதால் தொழுகை கூடாது என்கிறான். அடுத்தவரைத் தள்ளிவைக்கும் அந்த ருசியை அவனுக்குக் காட்டியது நான். யாரைக் குறை சொல்வது?

சாயங்காலம் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் சண்டைக்குப் பயந்தவர். "ஊரு ரெண்டாப் போயிருமுங்க அசரத்து. கொஞ்ச நாளைக்கு நீங்க ஒதுங்கிக்கங்க. ஊட்டையும் மெதுவாக் காலி பண்ணிக்குங்க" என்று சொல்லி முத்திரையையும் தஃப்தரையும் வாங்கிக்கொண்டு போனார். நான் வாதாடவில்லை. வாதாடச் சக்தியும் இல்லை.

மறுநாள் பக்கீர்சா வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மரியம்பீ கதவைத் திறந்து என்னைக் கண்டதும் வாசலை மறித்து நின்றாள். "இப்ப எதுக்குங்க வந்தீங்க? எம்புள்ள சோறு தின்னு எத்தன நாளாச்சுன்னு தெரியுமுங்களா? தெருக்குழாயில எங்க குடத்த உதைச்சானுக. அப்பெல்லாம் எங்கிங்க போயிருந்தீங்க?" என்று கேட்டாள். வெயிலில் நின்று கேட்டுக்கொண்டேன். என் மனசு கொஞ்சம் லேசானது அங்கேதான்.

பிறகு பக்கீர்சா வந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "மன்னிச்சுட்டேன்னு வாயில சொல்றது லேசுங்க. மனசுல வரோணுமில்லீங்களா? இன்னும் வரலீங்க. பொய் சொல்லப்படாதுன்னு சொல்றேன்" என்றார். ஜமாஅத்தில் நின்று அன்று பேசினாரே, அதே குரல். அன்று அதைத் திமிர் என்று நினைத்தேன். இருந்தாலும் டீ வாங்கிவரச் சொல்லிக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார்.

முத்திரை என்னிடம் இல்லை. ஆகவே கீழே என் கையால் எழுதியிருக்கிறேன். உங்கள் தலைவர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியாது. கையெழுத்துப் போடும்போது பழக்கத்தில் 'பேஷ் இமாம்' என்று எழுதிவிட்டு அடித்தேன். அடிக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது, நத்தர். ஹுதைபிய்யா உடன்படிக்கையில் 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லை எதிரிகள் ஒப்பவில்லை. சமாதானம் முறியக்கூடாது என்று அதை அழித்துவிட்டு 'அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது' என்று எழுத வைத்தார்கள் நபியவர்கள் (ஸல்). அவர்கள் விட்டது மெய்யான பட்டம். என்னுடையதோ மூன்று நாளைக்கு முன்பே போய்விட்ட வேலை. அதை அடிக்கவே எனக்கு இத்தனை கஷ்டம்.

'நாமக்கல் பக்கீர்சா முஸ்லிம். தொழுகையாளி. அவர் மகள் ஜெய்னம்பு நல்ல குடும்பத்துப் பெண். இவளது நிக்காஹுக்கு எந்தத் தடையும் இல்லை. இந்த வீட்டை ஜமாஅத் ஒதுக்கியதற்குக் காரணம் நான் சொன்ன தவறான சொல். அல்லாஹ்வை முன்னிறுத்திச் சாட்சி சொல்கிறேன்.
மஸ்தான் மகன் யாகூப்.'


சூரமங்கலம்
16-11-1959

அன்புள்ள யாகூபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று மத்தியானம் லுஹருக்குப் பிறகு நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

லேசில் முடியவில்லை. எங்கள் தலைவர் உன் தாளைத் திருப்பித் திருப்பி முத்திரையைத் தேடினார். செல்லாது என்றார். செல்லாவிட்டால் என் முத்திரையையும் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கும் முட்டி வலி, பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சண்டை முற்றும் நேரத்தில் சுல்தான் அந்தத் தாளைக் கையில் வாங்கி இன்னொரு தடவை படித்தார். "மத்தவங்க தப்பை எழுதிக் குடுக்கற இமாம்களைத்தான் பாத்திருக்கேன். இவரு தன் தப்பை எழுதியிருக்காரு. எனக்கு இது போதும், தஃப்தரைத் திறங்க" என்றார். அவர் அக்காள் முணுமுணுத்துக்கொண்டே மருமகளுக்குப் பூ வைக்கப் போனாள். ஜெய்னம்பு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

விருந்தில் பக்கீர்சா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "அசரத்து ஊட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமா. எங்கிங்க போவாரு?" என்றார். எனக்கும் தெரியாது என்றேன். சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, "மனசு ஆறிப்போச்சான்னு கேக்காதீங்க. கை இன்னும் வலிக்குதுங்க. ஆனா அந்த மனுசன் பூட்டுன ஊட்டுல தனியா உக்காந்திருக்கறத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்றார். பூட்டைப் பற்றி உன் கடிதத்தில் இருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை, யாகூப். ஹலீமாவின் மவுத்துக்குக் குழி வெட்டியவர்களில் அவரும் ஒருவராம். அவருக்கே தெரிந்திருக்கிறது.

இங்கே விடியற்காலை ஸுப்ஹுக்கு எழுந்துபோய்த் தொழ வைக்க என் முட்டி ஒத்துழைப்பதில்லை. அதற்கு உன்னை வைத்துக்கொள்ளத் தலைவரிடம் பேசிவிட்டேன். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அறையும் சின்னது, நானும் அதில்தான் இருப்பேன், குறட்டை விடுவேன். நாமக்கல்லில் இன்னும் வாசலில் தனி வரிசை நிற்கிறதென்று கேள்விப்பட்டேன். அது ஆறுவதற்கு வருஷமாகலாம். ஆறும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கதவைத் தட்டி இதைக் கையில் கொடுத்தவர் பக்கீர்சாதான். பெட்டியைக் கட்டு. அவர் உன்னோடு அதிகம் பேச மாட்டார், நீயும் பேசவைக்கப் பார்க்காதே. லாரியின் முன் சீட்டில் உனக்கு இடம் விட்டுவிட்டு மணியன் பின்னால் கிழங்கு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்திருப்பான்.

நத்தர்ஷா